வெளியூர்ப் பதிப்பில் மட்டும் வந்த சாக்ஸபோன்

மாலை ஆறு மணி பத்து நிமிடம். துவாரகாவில் எங்கள் குடியிருப்பின் புல்வெளி. முதலில் கண்ணில் பட்டது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்த சாக்ஸபோன். பிப்ரவரிப் பனி படக் கூடாது என்று யாரோ அதற்கு ஒரு குழந்தையின் கம்பளிக் குல்லாயை மாட்டிவிட்டிருந்தார்கள். குடியிருப்போர் சங்கம் நடத்தும் மூன்று நாள் இசை விழா. முதல் நாள் பஜனை, மூன்றாம் நாள் பாங்ரா, நடுவில் ஜாஸ். ஜாஸ் என்றால் என்ன என்று லிஃப்டில் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். பத்திரிகையில் வேலை பார்த்தவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது எங்கள் கட்டடத்தின் நம்பிக்கை. "கொஞ்சம் சத்தமாக இருக்கும்" என்று சொல்லிவைத்தேன். பஜனையும் சத்தமாகத்தான் இருந்தது என்றார் நான்காவது மாடிக்காரர்.

பிறகு வாத்தியத்துக்கு உரியவர் வந்தார். முப்பது வயது இருக்கும். குல்லாயைக் கழற்றினார், சட்டைப் பையிலிருந்து ஒரு ரீடை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். ரீட் என்பது சாக்ஸபோன் வாயில் பொருத்தும் மெல்லிய நாணல் சீவல். ஊதுவதற்கு முன் எச்சிலில் ஊற வேண்டும். அதை வாயில் வைத்துக்கொண்டே ஒலிபெருக்கிக்காரரிடம் ஏதோ குறை சொன்னார். ஒலிபெருக்கிக்காரர் "ஹாஞ்ஜி, ஹாஞ்ஜி" என்றார். அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஏனென்றால் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் ஒருவருக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு ஜனக்புரியில் மொட்டைமாடியில் ஒற்றை அறை. கீழ்வீட்டில் ஞானதுரை சாரும் எஸ்தர் அக்காவும். சார் நாசரேத் பக்கத்துக்காரர். ராணுவ பாண்டு வாத்தியக் குழுவில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு ஒரு அரசு அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்தும் வேலையில் சேர்ந்திருந்தார். அக்கா மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். நான் திண்டுக்கல்லிலிருந்து வந்து ஓர் ஆங்கில நாளிதழில் பயிற்சி நிருபர். செல்போன் டெல்லிக்கு வந்திருந்தது. என்னிடம் வந்து சேரவில்லை.

சாருக்கு ஜாஸ் எங்கே பிடித்தது என்று நான் கேட்டதுண்டு. ஏதோ ஒரு மலைப்பகுதி முகாமில், பாண்டு மாஸ்டர் தூங்கப் போன பிறகு ரேடியோவில் கேட்டதாம். பாண்டில் அவருக்கு மூன்றாவது வரிசை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஒரே சுரத்தை ஊத, அதில் ஒருவராக ஊதும் வேலை. "நான் நிறுத்துனாக்கூட ஒருத்தனுக்கும் தெரியாது. ஒருநாள் நிறுத்திப் பாத்தேன், தெரியல" என்றார். அதைச் சொல்லும்போதும் வாயில் ரீட் இருந்ததால் இரண்டாவது முறை சொல்லச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஜனக்புரியில் சாக்ஸபோன் பழகுவது எளிதல்ல. பக்கத்துவீட்டு அரோராவுக்கு மென்மையான காது, உறுதியான குரல். அதனால் சார் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கோடையில் ஜன்னலில் மாட்டிய தகரக் கூலர் ஓடத் தொடங்கினால் லாரி ஒன்று வீட்டுக்குள் நிற்பதுபோல் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, நனைந்த புல்தட்டியின் வாசனைக்குள் முகத்தை நீட்டி ஊதுவார். கூலர் சத்தம் ஊதலை விழுங்கிவிடும். ஆக ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எங்கள் வீட்டில் ஜாஸ். அக்டோபர் முதல் மார்ச் வரை அமைதி. ஒரு கலைஞர் வெப்பநிலையைப் பொறுத்து முன்னேறியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதில் ஒரு சிக்கல். அரோராவுக்குக் கேட்காதது எஸ்தர் அக்காவுக்கும் கேட்காது.

"ஏட்டி, நீ மேல இருக்க, ஒனக்காவது கேக்கா? எனக்குக் கூலருதான் கேக்கு" என்பார் அக்கா. "இருவத்திரெண்டு வருசம் பட்டாளத்துல ஊதுனாவ. ஒருநாளாவது தனியா ஊதுனாவளான்னு கேளு. கலியாணம் ஆயி நான் பாத்த ஊதலு எல்லாம் கூட்டத்தோட கோவிந்தா."

கிறிஸ்தவர் வாயில் கோவிந்தா வருகிறதே என்று நான் சிரித்தால், "வார்டுல எல்லாச் சாமியயும் கூப்புடுதோம்" என்பார்.

கரோல் பாகில் பெரைரா என்று ஒரு பியானோக்காரர் இருந்தார். ஹோட்டலில் வாசிப்பவர். நான்கு பேர் கொண்ட ஜாஸ் குழு வைத்திருந்தார். அதன் சாக்ஸபோன்காரர் துபாய் போய்விட்டார். யார் மூலமோ சார் அங்கே போய்ச் சேர்ந்தார். ஒரு அக்டோபரில், டெல்லியிலிருந்து ஐந்து மணி நேரப் பேருந்துத் தூரத்தில், மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் இசை விழாவுக்குக் குழுவை அழைத்திருந்தார்கள். மூன்றாவது உருப்படியில் சாருக்கு இரண்டு சுற்று தனி வாசிப்பு. அதாவது பியானோவும் டிரம்ஸும் பின்னால் நடந்துவர, அவர் மட்டும் முன்னால் போவார். நாற்பத்தேழு வயதில் முதல் முறை.

அக்கா வர முடியாது, டூட்டி. "பேப்பர்ல போடுவாவளா?" என்று மட்டும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேரோட போடணும். 'குழுவினர்'னு போட்டா அது பழைய பாண்டுதான், பாத்துக்க" என்றார்.

எங்கள் அலுவலகத்தில் அந்த விழாவுக்குப் போக ஆள் தேடினார்கள். நான் கை தூக்குவதற்குள் தலைமை உதவி ஆசிரியர் என்னையே காட்டினார். லக்னோக்காரர், மென்மையாகப் பேசுவார், வன்மையாக வெட்டுவார். "நீ மதராசி. சங்கீதம் உனக்குப் பிறப்பிலேயே வரும்" என்றார். எனக்குப் பிறப்பிலேயே வந்தது மூச்சிரைப்பு மட்டும்தான். ஆனால் வாய்ப்பை யார் விடுவார்கள்.

இப்போது பத்திரிகைத் தொழிலின் ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். அப்போது ஒரே நாளிதழ் இரண்டு தடவை அச்சாகும். தூரத்து ஊர்களுக்குப் போகும் டாக் எடிஷன், அதாவது வெளியூர்ப் பதிப்பு, மாலை ஏழு மணிக்கே மூடிவிடும். அப்போதுதான் வேனில் ஏற்றி விடிவதற்குள் கொண்டுபோக முடியும். டெல்லிக்கான நகரப் பதிப்பு பின்னிரவில் அச்சாகும். விழா நடக்கும் ஊர் தூரத்து ஊர். அங்கே உள்ளவர்கள் மறுநாள் காலை தங்கள் விழாவைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால், ஏழரைக்குத் தொடங்கும் கச்சேரியின் விமர்சனம் ஏழுக்கு முன்னால் வந்தாக வேண்டும். இது எப்படி முடியும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். "ஒத்திகையைப் பார்த்து எழுது. கச்சேரி வேறு என்ன செய்துவிடப்போகிறது?" என்றார் லக்னோக்காரர்.

ஐந்து மணிக்கு ஒத்திகை. நகராட்சித் திடல், சிவப்பு ஷாமியானா, நானூறு நாற்காலிகள், அவற்றில் நானும் ஒரு நாயும். மூன்றாவது உருப்படியில் பெரைரா தலையை அசைத்தார். சார் ஓர் அடி முன்னால் வந்தார். முதல் சுற்றில் மெட்டை அப்படியே வாசித்தார், ஆனால் ஒவ்வொரு சுரமும் சற்றுத் தாமதமாக வந்தது. கடைக்குப் போகச் சொன்ன மனிதர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பதுபோல. இரண்டாவது சுற்றில் செருப்பு கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் எந்தக் கடைக்கும் போகவில்லை. தெருத்தெருவாக, தனக்குப் பிடித்த பக்கமெல்லாம் போய், சரியாக முப்பத்திரண்டாவது எண்ணிக்கையில் வீட்டு வாசலில் வந்து நின்றார். டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கிக் காட்டினார். நாய் படுத்துவிட்டது. இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

திடலுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத். ஆறே முக்காலுக்கு விமர்சனத்தை போனில் படித்தேன். சாக்ஸபோன் பற்றி மூன்று வரி; அதில் சாரின் முழுப்பெயர். கடைசியில், எல்லா விமர்சனங்களும் முடிவதுபோல, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது என்று ஒரு வாக்கியம். படுத்துவிட்ட நாயை எழுந்து நின்ற கூட்டமாக மாற்றியதில் எனக்குச் சிறு உறுத்தல் இருந்தது. எல்லோரும் செய்வதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழரைக் கச்சேரி எட்டு மணிக்குத் தொடங்கியது. சிறப்பு விருந்தினர் பக்கத்து ராணுவ முகாமின் கர்னல். முழுச் சீருடையில், மனைவியோடு முதல் வரிசையில். நாற்காலிகள் ஏறக்குறைய நிரம்பிவிட்டன. முதல் இரண்டு உருப்படிகளுக்கு ஊர் மரியாதையாக இருந்தது. மூன்றாவது தொடங்கியது. பெரைரா தலையை அசைத்தார். சார் முன்னால் வந்தார். மூன்று சுரம் ஊதியிருப்பார். நான்கு என்று பெரைரா பிற்பாடு சாதித்தார்.

அப்போது கர்னல் எழுந்தார். அவர்மேல் தப்பில்லை, வேறொரு நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது, சத்தமில்லாமல் நழுவப் பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் சாரின் ரெஜிமென்ட்டில் விருந்து மண்டபத்தில் வாசிக்கும்போது ஒரு விதி உண்டு: மூத்த அதிகாரி எழுந்தால் பாண்டு நிற்கும். இருபத்திரண்டு வருட விதி. சார் வாத்தியத்தை இறக்கினார், குதிகால்களைச் சேர்த்தார், விறைப்பாக நின்றார்.

கர்னல் திடுக்கிட்டார். மேடையில் ஒருவர் தன்னை நோக்கி அட்டென்ஷனில் நிற்கிறார். விட்டுப் போவது முறையல்ல. அவரும் அட்டென்ஷனில் நின்றார். கர்னல் நிற்பதைப் பார்த்து நகராட்சித் தலைவர் எழுந்தார். தேசிய கீதம் வரப்போகிறது என்று முதல் வரிசை எழுந்தது, பிறகு இரண்டாவது, பிறகு திடலே எழுந்தது. எனக்குப் பின்னால் ஒரு பெண்மணி தன் மகனிடம், "கையைப் பாக்கெட்டிலிருந்து எடு" என்று இந்தியில் அதட்டினார். பெரைராவுக்கு எதுவும் விளங்கவில்லை. பியானோ முதல் சுற்றை வாசித்தது. யாராவது வந்து சேர்ந்துகொள்வார்கள் என்று இரண்டாவது சுற்றையும் வாசித்தது. நானூறு பேர் அசையாமல் நின்று கேட்டார்கள். முடிந்ததும் கர்னல் சல்யூட் வைத்துவிட்டு நடந்தார். அன்றைய மாலையின் மிகப் பெரிய கைதட்டல் அப்போதுதான் எழுந்தது.

அதன் பிறகு இரண்டு உருப்படி. அவற்றில் தனி வாசிப்பு பியானோவுக்கு. எட்டே முக்காலுக்கு மாலை மரியாதை, நன்றியுரை, முடிந்தது.

மேடைக்குப் பின்னால் சார் வாத்தியத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"காலு தானா சேந்துட்டு" என்றார்.

நான் விமர்சனத்தைப் பற்றிச் சொன்னேன். வெளியூர்ப் பதிப்பு போய்விட்டது, நகரப் பதிப்பை மட்டும் மாற்றலாம் என்றேன்.

"எத்தன வரி எழுதிருக்கிய?"

"மூணு, சார்."

"பேரு?"

"முழுப்பேரும்."

அவர் துணியை மடித்தார். நடக்காததை எழுதிய நிருபருக்கு அடுத்த வேலை எது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பூத்துக்கு ஓடினேன்.

"வாசித்தாரா, வாசிக்கவில்லையா?" என்றார் லக்னோக்காரர்.

"வாசிக்கவில்லை."

"அச்சா. மூன்று வரியை எடுத்துவிடுகிறேன். கூட்டம் எழுந்து நின்றதா?"

"நின்றது. ஆனால்…"

"நின்றதா, இல்லையா? ஜல்தி."

"நின்றது."

"அப்போது அது இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

பூத்துக்காரர் எனக்காகவே காத்திருந்தவர்போல் ஒன்பது மணிக்கு ஷட்டரை இழுத்துப் பூட்டினார். கடமையைச் செய்தவளின் நடையில் சாலையைக் கடந்தேன். பாதியில் நின்றேன். திடலிலிருந்து சாக்ஸபோன் கேட்டது.

மைக்கைக் கழற்றிவிட்டார்கள். மின்பியானோவைப் பெட்டியில் போட்டாயிற்று. பெரைரா அந்தப் பெட்டியின் மேலேயே விரலால் தட்டி எண்ணிக்கை போட்டுக்கொண்டிருந்தார். ஷாமியானாக்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணினேன், பதினொரு பேர். சார் மேடையில் அல்ல, கீழே, முதல் வரிசை இருந்த இடத்தில் நின்று ஊதிக்கொண்டிருந்தார். ஒத்திகையில் வாசித்தது அல்ல இது. மெட்டு எங்கே என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் தொலையவில்லை என்று தெரிந்தது. நாற்காலி அடுக்கியவர்களில் ஒருவர் அடுக்கை இறக்கி, ஒன்றைப் பிரித்து, போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது சுற்று முடிந்தது. சார் நிறுத்தவில்லை. மூன்றாவது சுற்றும் வாசித்தார்.

பிறகு என்னைப் பார்த்து, மூச்சு வாங்க, "இப்பம் நீங்க எழுதுனது சரியாப் போச்சுல்லா?" என்றார்.

பூத்தைத் திரும்பிப் பார்த்தேன். விழாக்குழு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு போன் இருந்தது; அதன் எண் சுழற்றும் வட்டத்தில் சிறு பூட்டு தொங்கியது. சாவி செயலாளரிடம், செயலாளர் கர்னலின் நிகழ்ச்சியில்.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் சார் ஒரு பேப்பர் வாங்கினார். மூன்று வரியும் இருந்தன. இரண்டு தடவை படித்து, எட்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேருந்து கிளம்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான் நகரப் பதிப்பில் அந்த வரிகளை எடுக்கவைத்ததை அவரிடம் சொன்னேன்.

"டெல்லி பேப்பர்ல இருக்காதா?"

"இருக்காது, சார்."

"எஸ்தரு அதத்தான படிப்பா" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குப் போனபோது அக்கா மேசையில் நகரப் பதிப்பை விரித்து, மூக்குக்கண்ணாடியோடு காத்திருந்தார். இரங்கல் விளம்பரம் வரை தேடிவிட்டாராம். "பியானோக்காரன் பேரு இருக்கு. கொட்டு அடிச்சவன் பேரு இருக்கு. ஒங்க பேர எலி தின்னுட்டா?" சார் சட்டைப் பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தார். அக்கா அதைப் படித்தார். இதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரே பேப்பரு. ஒரே நாளு. இதுல இருக்கு, அதுல இல்ல. எது நெசம்?"

ஒத்திகை, டாக் எடிஷன், கர்னல், பூத் எல்லாவற்றையும் சொன்னேன். கர்னல் இடத்தில் அக்கா சிரிக்கத் தொடங்கினார்; சாரை எழுந்து அட்டென்ஷனைச் செய்துகாட்டச் சொன்னார். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்பம் நீ எழுதும்போது அவிய வாசிக்கல. நீ அத வெட்டும்போது வாசிச்சிட்டு இருந்தாவ."

"ஆமாக்கா."

"நல்ல பத்திரிகைக்காரி."

இருபத்தைந்து ஆண்டு வேலையில் என்னைப் பற்றி யாரும் இதைவிடச் சுருக்கமாக எழுதவில்லை.

பிறகு அக்கா நாற்காலியைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வாசிங்க. கூலரு ஓடல. யாரு எந்திச்சாலும் நிறுத்தப்பிடாது." சார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வாத்தியத்தை எடுத்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, காலிங்பெல் அடித்தது. அரோராதான். அக்கா எழுந்தார். சாரின் குதிகால்களை நான் பார்த்தேன். அவை அசைந்தன, சேரவில்லை. ஊதிக்கொண்டே இருந்தார். கதவைத் திறந்த அக்கா உதட்டில் விரலை வைத்து அரோராவை வாசலிலேயே நிறுத்தினார். வழியை மறைத்து நிற்கும் ஸ்கூட்டரை நகர்த்தச் சொல்ல வந்தவர் அவர். முடியும்வரை நின்றார். முடிந்ததும், "பாயீ சாப், இத்தனை நாளாக இதையா கூலருக்குள் வைத்திருந்தீர்கள்?" என்று இந்தியில் கேட்டுவிட்டு, ஸ்கூட்டரைத் தானே நகர்த்திக்கொண்டு போனார். அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து, "சாயா போடட்டா?" என்றார். தினமும் சார்தான் போடுவார்.

ஜனக்புரியில் அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடி, கீழே கார்கள். தகரக் கூலர் மாட்ட அதில் ஜன்னலே இல்லை. எஸ்.டி.டி. பூத் என்றால் என்ன என்று என் மகளுக்கு விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. அப்புறமும் அவள் நம்பவில்லை. அந்த ஊர் விழாவை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். டாக் எடிஷன் போய்விட்டது. மாலை ஏழுக்குப் பத்திரிகையை மூடுகிறவர் யாரும் இல்லை. சாரும் அக்காவும் ஓய்வுக்குப் பிறகு நாசரேத் போனார்கள். சார் காலமாகி ஆறு வருடம்.

துவாரகா விழாவுக்கு மறுநாள் அக்காவுக்கு போன் செய்தேன். குல்லாய் போட்ட சாக்ஸபோனைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். பிறகு, எட்டாக மடித்த அந்தப் பேப்பரைக் கரையான் தின்றுவிட்டது என்றார். "பேத்தி கேக்கா. தாத்தா பேரு பேப்பர்ல வந்துச்சுன்னு சொன்னா, காட்டுங்காளே. ஒங்க ஆபீசுல இருக்குமாட்டி?"

போன வாரம் பழைய அலுவலகத்துக்குப் போனேன். வெளியூர்ப் பதிப்புகளைச் சேர்த்துவைக்கும் வழக்கம் எப்போதும் இருந்ததில்லை என்றார்கள். நகரப் பதிப்புகள் முழுவதையும் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். தேதியைக் கொடுத்தேன். பக்கம் தெளிவாகத் திறந்தது. இரண்டு பத்தி விமர்சனம். பியானோ, பாஸ் கிதார், டிரம்ஸ் வாசித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன.